வரிக்கு உண்டு, விளக்குக்கு இல்லை

பட்டணத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வரும் தார்ச்சாலையில் ஊராட்சி மன்றம் நட்ட விளக்குக் கம்பங்கள் வரிசையாக வருகின்றன. தோட்டத்தின் பெயர்ப்பலகை வந்ததும் அவை நின்றுவிடுகின்றன. குப்பை லாரியும் அங்கேயே திரும்பிக்கொள்கிறது. அதற்கு அப்பால் லயத்தின் முதல் வீடுவரை ஒரு கட்டைத் தூரம் செம்மண் பாதை. பெரட்டுக் களமும் ஆபீசும் வாசலருகே இருப்பதால், விடியுமுன் ஐந்து மணிக்கு நம் ஆண்களும் பெண்களும் அந்த இருட்டில்தான் நடந்து வருகிறார்கள். பால் நன்றாக ஓடவேண்டுமானால் வெயில் ஏறுமுன் மரத்தை வெட்டியாக வேண்டும். ஆகவே இருட்டில் நடப்பது நம் தொழிலோடு பிறந்தது. ஆனால் இடிந்த மதகும் தோண்டிய பள்ளமும் தொழிலோடு பிறந்தவையல்ல.

சென்ற மழைக்காலத்தில் அந்தப் பாதையின் நடுவே இருந்த மதகு ஒரு பக்கம் சரிந்துவிட்டது. எங்கள் எல்லோருக்கும் அக்காள் முறையான மூத்த பால்வெட்டுத் தோழியர் ஒருவர், கையில் வாளியோடு வந்தவர், அந்தப் பள்ளத்தில் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. கத்தி பிடிக்கும் கை அது. ஆறு வாரம் அவர் மரத்தடிக்குப் போகவில்லை. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருவர். அந்த ஆறு வாரத்தை அவர்கள் எப்படிக் கழித்தார்கள் என்பதை லயத்தில் இருப்பவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

கிளைச் சங்கம் கூடியது. ஊராட்சி மன்றத்துக்கு ஒரு மகஜர் அனுப்பினோம். நாங்கள் கேட்டவை நான்கு: பாதையில் ஐந்து விளக்குகள், மதகைப் பழுதுபார்த்தல், வாரம் இருமுறை குப்பை எடுத்தல், பிள்ளைகள் பந்தாடும் களத்தைச் சமன்செய்து ஒரு வடிகால் வெட்டுதல். எழுபத்தொரு பேர் கையெழுத்திட்டோம். மூன்று மாதம் கழித்து நான்கு வரியில் பதில் வந்தது. “உங்கள் மனு அடிப்படை வசதிக் குழுவின் பார்வைக்கு வைக்கப்பட்டது. சம்பந்தப்பட்ட இடம் தனியார் நிலமாதலால் மன்றம் நடவடிக்கை எடுக்க இயலவில்லை” என்பதே அதன் சாரம்.

அதே குழு அதே கூட்டத்தில் வேறொரு முடிவும் எடுத்திருந்ததைப் பிறகு கேள்விப்பட்டோம். பட்டணத்துப் பூங்காவுக்கு ஒரு நீரூற்றும், வாசலில் ஓர் அலங்கார வளைவும் அமைப்பதென்பது அந்த முடிவு.

நாம் பூங்காவுக்கு எதிரிகள் அல்லர். ஞாயிற்றுக்கிழமை மாலையில் நம் பிள்ளைகளும் அங்கே போய்த்தான் ஊஞ்சலாடுகிறார்கள். ஏழைக்கு வீடு சிறியது. ஆகவே அவனுக்குத்தான் பொது இடம் பெரிதாக இருக்கவேண்டும். நாம் கேட்பது வரிசையைப் பற்றி. மணிக்கட்டு முறிகிற பள்ளம் முன்னால் நிற்கவேண்டுமா, நீரூற்று முன்னால் நிற்கவேண்டுமா? அந்த வரிசையைத் தீர்மானித்த மேசையைச் சுற்றி, அந்தப் பாதையில் ஒரு நாளாவது நடந்தவர் ஒருவராவது இருந்தாரா?

இது ஒரு தோட்டத்தின் கதையன்று. ரப்பர் காடாயினும் செம்பனைக் காடாயினும், லயத்தில் வாழும் ஒவ்வொரு கிளைத் தோழரும் இதே பதிலை ஏதாவது ஒரு வடிவில் வாங்கியிருப்பார். ஆகவே இதைச் சற்று விரிவாகவே பேசுவோம்.

வரி செலுத்துவது யார்?

தோட்டப்புறத்தவன் மன்றத்துக்கு வரி கட்டுவதில்லை, அவனுக்கு ஏன் விளக்கு என்று பட்டணத்தில் சிலர் கேட்கிறார்கள். இதைக் கேட்கும்போது ஆபீசில் உட்கார்ந்திருக்கும் கிராணிகளாகிய நமக்குச் சிரிப்பு வருகிறது. ஏனெனில் மதிப்பீட்டு வரிக்கான வவுச்சரை எழுதுவது நம் கைதான். மன்ற எல்லைக்குள் வரும் தோட்டம், ஆண்டுக்கு இருமுறை அந்த வரியைச் செலுத்துகிறது. தொகை எவ்வளவு என்பது நிர்வாகத்தின் கணக்கு. அதை இங்கே எழுத நமக்கு உரிமையில்லை. ஆனால் வரி போகிறது என்பது ஊரறிந்த செய்தி.

1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது 171ஆம் சட்டம், மன்றத்துக்கு இந்த வரி விதிக்கும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. சொத்தின் ஆண்டு மதிப்பில் 35 விழுக்காட்டுக்கு மேலே போகக்கூடாது; மேம்பட்ட மதிப்பின்பேரில் விதிப்பதானால் 5 விழுக்காட்டுக்கு மேலே போகக்கூடாது என்று அது உச்சவரம்பும் கட்டியிருக்கிறது. அந்தச் சொத்துக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? காட்டை வெட்டியவன், கன்று நட்டவன், மரத்தை வெட்டிப் பால் சேர்த்தவன் ஆகிய இவர்களின் மூன்று நான்கு தலைமுறை உழைப்பிலிருந்து வந்தது. காசோலையில் கையெழுத்து முதலாளியுடையதாக இருக்கலாம். காசு விளைந்த இடம் பால்மங்கு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பட்டணத்துக் கடையில் நம் தோழர்கள் அரிசி வாங்குகிறார்கள், துணி வாங்குகிறார்கள், தவணைக்கு மோட்டார் சைக்கிள் எடுக்கிறார்கள். சம்பள நாளன்று அந்தக் கடைத்தெரு எப்படி இருக்கிறது, மற்ற நாளில் எப்படி இருக்கிறது என்று கடைக்காரரைக் கேளுங்கள். அந்தக் கடைகள் கட்டும் வரியிலும் நம் சம்பளத்தின் துளி இருக்கிறது. ஆகவே “வரி கட்டாதவன்” என்ற பட்டத்தை நாம் ஏற்கவில்லை.

வாக்கு இருந்த காலம்

ஊராட்சி மன்றத்தில் யார் உட்காருவது என்பதை மக்களே தீர்மானித்த காலம் இந்நாட்டில் இருந்தது. இளைய தோழர்கள் பலருக்கு இது தெரியாது. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் நகராண்மைக் கழகத் தேர்தல் நடந்தது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரில் நடந்தது. நாடு சுதந்திரம் அடையும் முன்பே, முதல் நாடாளுமன்றத் தேர்தலுக்கும் முன்பே, சாக்கடைக்கும் விளக்குக்கும் மக்கள் வாக்களித்திருக்கிறார்கள். அவசரகாலத்தில் முள்வேலிக்குள் அமைக்கப்பட்ட புதுக் கிராமங்களுக்குக்கூட 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊர் மன்றங்கள் வரலாயின. நம் லயங்களுக்கு அந்த வாய்ப்பும் முறையாகக் கிட்டவில்லை. லயம் ஊர் அல்ல, தோட்டத்தின் கட்டடம் என்பது அன்றைய எண்ணம். இன்றும் அந்த எண்ணம் முழுதாக மாறவில்லை.

தேர்ந்தெடுத்த மன்றம் என்ன செய்யும் என்பதற்கு ஈப்போவைச் சொல்லலாம். 1960களில் அந்நகர மன்றம் மக்கள் முற்போக்குக் கட்சியின் கையில் இருந்தது. அக்கட்சியை நடத்திய சீனிவாசகம் சகோதரர்கள் நம்மவர்கள். முன்பு முடிசூட்டு விழாப் பூங்கா என்று ஆங்கிலேயர் பெயரிட்டிருந்த இடம், இன்று டி.ஆர். சீனிவாசகம் பூங்கா என்று அழைக்கப்படுகிறது. மன்றத்தில் அமர்ந்தவரை மக்கள் மறக்கவில்லை என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

பிறகு என்ன நடந்தது? 1965 மார்ச்சு மாதம், இந்தோனேசியாவுடன் இருந்த மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. மோதல் 1966இல் முடிந்தது. தேர்தல் திரும்பவில்லை. ஊராட்சி மன்றங்களின் நிலையை ஆராய 1965இலேயே ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன், ஒரு தமிழர். ஆணையம் 1968இல் அறிக்கை கொடுத்தது. 1971இல் அது வெளியிடப்பட்டது. தேர்தலை மீண்டும் நடத்தவேண்டும் என்று அது பரிந்துரைத்தது. தேர்ந்தெடுத்த மன்றத்தில் குறைகள் இல்லையென்று அந்த ஆணையம் சொல்லவில்லை. குறைகளைத் திருத்தலாம், மக்களின் வாக்கை எடுத்துவிடக்கூடாது என்பதே அதன் கருத்து. ஆனால் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு ஊராட்சித் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பினாங்கு மாநிலம் 2012இல் தானே ஒரு சட்டம் இயற்றித் தேர்தல் நடத்த முயன்றது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடமில்லையென்று தீர்ப்பளித்தது.

ஆகவே இன்று மன்ற உறுப்பினர்கள் நியமனம் பெற்றவர்கள். நியமிப்பது மாநில அரசு. நியமனம் பெற்றவர் எல்லாம் தீயவர் என்று நாம் சொல்லமாட்டோம். இரவு பகல் பாராமல் உழைக்கும் உறுப்பினர்களை நாமே அறிவோம். ஆனால் ஒன்று உண்மை. வாக்குக் கேட்டு வராதவருக்கு நம் பாதையில் எத்தனை பள்ளம் என்று தெரியவேண்டிய அவசியம் இல்லை.

‘தனியார் நிலம்’ என்னும் பதில்

மன்றத்தின் பதிலை நாம் கோபத்தோடு கிழித்தெறியவில்லை. அதில் ஒரு நியாயம் இருக்கிறதா என்று பார்த்தோம். இருக்கிறது. பொதுமக்கள் பணத்தைத் தனியார் நிலத்தில் செலவிட்டால் கணக்காய்வாளர் கேள்வி கேட்பார். நாளை ஒரு பணக்காரர் தம் பங்களாவுக்குப் போகும் சொந்தப் பாதையில் மன்றச் செலவில் தார் போட்டுக்கொண்டால் நாமே முதலில் கொடி பிடிப்போம். ஆகவே விதி இருக்கவேண்டியதுதான்.

ஆனால் விதி ஒரு கதவை மூடினால் இன்னொரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் தனியார் சாலையைச் சீர்செய்து பொதுச் சாலையாக அறிவிக்க வழி இருக்கிறது. தேசிய நிலச் சட்டப்படி நில உடைமையாளர் தம் நிலத்தில் ஒரு பகுதியை மாநில அரசுக்கே ஒப்படைக்கலாம். அப்படி ஒப்படைக்கும் பாதைத் துண்டு பொது ஒதுக்கீடு ஆனால், அதன்பின் ‘தனியார் நிலம்’ என்ற பேச்சே எழாது. ஆயிரம் ஏக்கர் வைத்திருக்கும் நிர்வாகத்துக்கு ஒரு கட்டைத் தூரப் பாதை பெரிய இழப்பன்று. அந்தப் பாதையில் ஓடும் பால் லாரியும் அதனால் பயனடையும்.

இந்த வழியை மன்றம் தன் பதிலில் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். “நிர்வாகம் பாதையை ஒப்படைத்தால் நாங்கள் விளக்குப் போடுவோம்” என்று எழுதியிருந்தால் நாங்கள் நிர்வாகத்திடம் போயிருப்போம். ‘இயலவில்லை’ என்று எழுதுவது எளிது. ‘எப்படி இயலும்’ என்று எழுதுவதுதான் பொதுச்சேவை.

இன்னொரு காட்சியையும் இங்கே சொல்லாமல் விடமுடியாது. நம் கண்முன்னே எத்தனை தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டன! மரம் சாய்ந்த மறுவருடமே அதே மண்ணில் தார்ச்சாலை வருகிறது, விளக்கு வருகிறது, வடிகால் வருகிறது, பிள்ளைகளுக்குச் சறுக்குமரம் வருகிறது. வீடமைப்புத் திட்டத்தில் திறந்தவெளிக்கு இடம் விடவேண்டும் என்று திட்டமிடல் விதியே சொல்கிறது. மலாய்மொழியில் அந்தக் குடியிருப்புக்கும் ‘தாமான்’ என்றுதான் பெயர், பூங்காவுக்கும் ‘தாமான்’ என்றுதான் பெயர். அதே மண்ணில் அறுபது ஆண்டு வாழ்ந்தவனுக்கு ‘தனியார் நிலம்’ என்று சொன்ன அதே மேசை, வீடு வாங்க வந்தவனுக்கு எல்லாம் கொடுக்கிறது. வீடு வாங்கியவர் மேல் நமக்குக் குறையில்லை. அவரும் கடன் வாங்கித்தான் வாங்கியிருக்கிறார். ஆனால் லயத்துக்காரன் கேட்பான்: மண் மாறவில்லையே, மனிதன்தானே மாறினான்?

முதலாளியின் கடமை வேறு, மன்றத்தின் கடமை வேறு

இங்கே தோழர்கள் ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். மன்றத்திடம் கேட்பது வேறு, முதலாளியிடம் கேட்பது வேறு. இரண்டையும் கலந்தால் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் கைகாட்டித் தப்பித்துக்கொள்வார்கள். மன்றம் ‘முதலாளியைக் கேள்’ என்னும். முதலாளி ‘மன்றத்தைக் கேள்’ என்பார். நடுவில் பந்தாக உருள்வது நாம்.

தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கும் சட்டம் 1990ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதுதான் 446ஆம் சட்டம். குடியிருப்பு, பாலர் காப்பகம், பயிர் செய்யவும் மாடு மேய்க்கவும் நிலம், மருத்துவ வசதி, சமூக வசதி ஆகியவை அச்சட்டத்தின் முகப்பிலேயே சொல்லப்பட்டிருக்கின்றன. 2019இல் அது திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்தது. வீட்டுக் கூரை ஒழுகினால், குழாயில் தண்ணீர் வராவிட்டால், ஆயாக் கொட்டகை இடிந்து கிடந்தால் அது முதலாளியின் பொறுப்பு. புகார் போகவேண்டிய இடம் தொழிலாளர் இலாகா. இதற்காக மன்றத்தின் படியை ஏறவேண்டாம்.

ஊரையும் ஊரையும் இணைக்கும் பாதை, அதன் விளக்கு, பொது வடிகால், குப்பை, விளையாட்டுத் திடல், நூலகம், மன்றம் நடத்தும் சமூக மண்டபம் ஆகிய இவையே மன்றத்தின் வாசலில் கேட்கவேண்டியவை. குப்பையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களில் அந்த வேலை 2011 முதல் கூட்டரசின் கீழ் போய்விட்டது. சிலாங்கூர், பேராக், பினாங்கு போன்ற மாநிலங்களில் அது இன்னும் மன்றத்தின் கையில் இருக்கிறது. எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்று தெரிந்துகொண்டு தட்டுவது பாதி வெற்றி.

நம் பிழையும் உண்டு

மன்றத்தைக் குறைசொல்லும் நாம், நம்மைப் பற்றியும் உண்மை பேசியாக வேண்டும். எங்கள் கிளையின் மகஜரை எழுதியது நாமே. ஒரு மாலைப்பொழுதில், கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, உணர்ச்சி பொங்க இரண்டு பக்கம் எழுதினோம். நல்ல சொற்கள் நிறைய இருந்தன. ஆனால் லாட் எண் இல்லை. வரைபடம் இல்லை. மதகு எந்த இடத்தில் இருக்கிறது என்ற குறிப்பில்லை. நிர்வாகத்துக்கு நகல் அனுப்பவில்லை. மன்றத்தின் முகப்பு மேசையில் இருந்த பெண், “லாட் எண் என்ன ஐயா?” என்று மரியாதையாகக் கேட்டபோது நாம் விழித்தோம். வரி ரசீதுகளை ஒவ்வொரு அரையாண்டும் கோப்பில் கோத்து வைக்கும் கிராணிக்கு அந்த எண் மனப்பாடமாக இருக்கவேண்டாமா? மற்றவர் கணக்கை ஒரு காசு பிசகாமல் எழுதும் கை, நம் சொந்தக் கணக்கை எழுதும்போது தடுமாறியது. இதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

இரண்டாவது பிழை, காலம். மன்றத்தின் கணக்கு ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டம் அதற்குப் பல மாதம் முன்பே உருவாகிவிடுகிறது. நாங்கள் மகஜரைக் கொடுத்தது நவம்பரில். பானை காலியான பிறகு தட்டை நீட்டியவர்கள் நாங்கள்.

மூன்றாவது பிழை எல்லாவற்றிலும் பெரியது. மன்றத்தின் முழுக்கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தது என்று 171ஆம் சட்டத்தின் 23ஆம் பிரிவு கூறுகிறது. மன்றம் தீர்மானம் போட்டுத் தடுத்தாலன்றி எவரும் போய் உட்காரலாம். குழுக்கூட்டத்துக்கு அந்த உரிமை இல்லை. குழு விரும்பினால்தான் கதவு திறக்கும். ஆனால் குழு செய்யும் பரிந்துரை மன்றத்தின் முன் வரும்போது அதைக் கேட்கலாம். நம் சங்கத்துக்கு இத்தனை கிளைகள் இருக்கின்றன. நம்மில் எத்தனை பேர் ஒரு நாளாவது அந்தக் கூடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறோம்? நாற்காலி காலியாக இருந்தால் நமக்கு ஆர்வமில்லை என்றுதான் அவர்கள் எண்ணுவார்கள்.

செய்யவேண்டியவை

ஆகவே கிளைகளுக்கு நாம் சில வேலைகளைச் சொல்கிறோம். இவற்றுக்குப் பெரிய பணம் வேண்டாம், ஒழுங்கு வேண்டும்.

முதலாவது, ஒவ்வொரு கிளையும் தன் தோட்டத்துக்கு ஒரு வரைபடம் போடட்டும். பாதை, மதகு, விளக்கு இல்லாத இடம், திடல், குப்பை குவியும் இடம் எல்லாவற்றையும் குறிக்கட்டும். லாட் எண்ணைக் கிராணித் தோழர் நிர்வாகத்தின் அனுமதியோடு எடுத்துக் கொடுக்கட்டும். எது தோட்டத்தின் நிலம், எது அரசாங்க ஒதுக்கீடு என்பதை நில அலுவலகத்தில் கேட்டுத் தெளியட்டும். பல இடங்களில் ‘தோட்டப் பாதை’ என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் அரசாங்க ஒதுக்கீடாகவே இருக்கக்கூடும். கேட்காமல் தெரியாது.

இரண்டாவது, மகஜர் ஆண்டின் நடுவிலேயே போகட்டும். ஜூன், ஜூலையைத் தாண்டவேண்டாம். பத்து கோரிக்கை எழுதவேண்டாம். உயிருக்கும் உடலுக்கும் ஆபத்தானதை முதலில் வைத்து, இரண்டோ மூன்றோ எழுதுங்கள். ஒரு நகல் நிர்வாகத்துக்கு, ஒரு நகல் சட்டமன்ற உறுப்பினருக்கு, ஒரு நகல் சங்கத் தலைமையகத்துக்கு. மலாய்மொழியில் எழுதுங்கள், கீழே தமிழிலும் வையுங்கள். மலாய் எழுதத் தயங்கும் மூத்தவர்களுக்கு ஐந்தாம் படிவம் முடித்த நம் பிள்ளைகள் உதவட்டும்.

மூன்றாவது, நிர்வாகத்தோடு பேசுங்கள். பாதைத் துண்டை ஒப்படைக்கும்படி சங்கத்தின் பேரில் எழுத்துமூலம் கேளுங்கள். மேலாளர் மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு மழையில் எழுதிய எழுத்து.

நான்காவது, மன்றத்தின் முழுக்கூட்டத்துக்கு இருவர் இருவராகப் போங்கள். வேலைநாளாக இருந்தால் ஓய்வுபெற்ற தோழர்கள் போகட்டும். அவர்களுக்கு நேரமும் இருக்கிறது, நெஞ்சிலே நினைவும் இருக்கிறது. கேட்டதைக் குறித்துக்கொண்டு வந்து கிளைக்கூட்டத்தில் சொல்லட்டும். அமைதியாக இருங்கள், கூச்சல் வேண்டாம். ஒழுங்காக வந்து உட்காரும் நான்கு தொழிலாளிகளைக் கண்டால் பேசுகிறவர் தம் சொல்லை எடைபோட்டுத்தான் பேசுவார்.

ஐந்தாவதுதான் முக்கியம். 171ஆம் சட்டத்தின் 10ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தலைவரைத் தவிர 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மிகாமலும் உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கலாம். அவர்களில் பெரும்பான்மையோர் அவ்வட்டாரத்தில் வசிப்பவர்களாக இருக்கவேண்டும். ஊராட்சி அனுபவம் உள்ளவர், தொழில் வாணிபத்தில் சிறந்தவர் என்று சொல்லிவிட்டு, அவ்வளவோடு அந்தப் பிரிவு நிற்கவில்லை. தம் சமூகத்தின் நலனை எடுத்துச்சொல்லத் தக்கவர் என்றும் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. பால்வெட்டும் தொழிலாளி அந்த வாசலில் நுழையக்கூடாது என்று எந்த எழுத்தும் சொல்லவில்லை. பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மிகாது. ஆகவே வாய்ப்பு மீண்டும் மீண்டும் வரும். ஒவ்வொரு வட்டாரமும் நல்ல தோழர், தோழியர் ஒருவரின் பெயரை முன்கூட்டியே முடிவுசெய்து மாநில அரசுக்கு எழுதட்டும். எல்லாக் கட்சிக்கும் எழுதட்டும். நாம் பெயர் கொடுக்காதவரை, தொழிலாளி ஒருவர்கூட இல்லையே என்று குறைப்படுவதில் பொருளில்லை.

தேர்தல் திரும்பவேண்டும் என்ற கோரிக்கையை நாம் விட்டுவிடவில்லை. ஆதி நாகப்பன் ஆணையம் சொன்னது இன்றும் சரியே. ஆனால் தேர்தல் வரும்வரை இருட்டில் நடக்கச் சொல்லி நம் பெண்களிடம் கூற நம்மால் இயலாது.

கடைசியாக ஒன்று. இன்று லயத்தில் நாம் மட்டும் இல்லை. வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் நம் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள், நம் பக்கத்து நிரையில் மரம் வெட்டுகிறார்கள். அவர்களுக்கு இங்கே வாக்கில்லை, மகஜர் எழுத மொழியில்லை. நம் பாட்டனார் கப்பலில் வந்து இறங்கியபோது அவருக்கும் இரண்டும் இல்லை. விளக்குக் கம்பம் யார் எந்த நாட்டவன் என்று பார்த்து எரிவதில்லை. நாம் கேட்பது அவர்களுக்கும் சேர்த்தே.

மதகு இன்னும் சரிந்தபடிதான் கிடக்கிறது. கிளைத் தோழர்கள் நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமை கூடி இரண்டு பலகையைக் குறுக்கே போட்டு, பக்கத்தில் வெள்ளைத்துணி கட்டிய ஒரு கழியை நட்டிருக்கிறார்கள். அக்காள் மீண்டும் வேலைக்கு வந்துவிட்டார். கை இன்னும் முழுதாக மடங்கவில்லை என்கிறார், ஆனாலும் வருகிறார். புதிய மகஜர் தயாராகிறது. இம்முறை வரைபடமும் லாட் எண்ணும் இருக்கின்றன. முதல் கையெழுத்தை அவரே போட்டிருக்கிறார், வலிக்கும் அந்த வலக்கையாலேயே.

தோழர்களே, அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் நம் கையெழுத்துகள் வரிசையாக நிற்கட்டும். வரி வாங்கும் மன்றம் விளக்கையும் தரட்டும். பெயர்ப்பலகையோடு நின்றுவிட்ட கம்பங்கள் லயம்வரை நடந்து வரும் நாளை நம் ஒற்றுமையால் வரவழைப்போம்.